மாடிப்படி லைட்டுக்கு மோஷன் சென்சார்: நியூட்ரல் படுத்திய பாடு

மாடிப்படி, பாத்ரூம், போர்டிகோ என்று வீட்டில் மூன்று இடங்களுக்கு மோஷன் சென்சார் போட்டோம். பாத்ரூமும் போர்டிகோவும் பெரிய தொல்லையில்லாமல் முடிந்தன. மாடிப்படிதான் ஆட்டிவைத்தது. அந்த ஒரு லைட்டுக்காக ஏறத்தாழ ஆறாயிரம் ரூபாய் வீணாயிற்று. பணத்தைவிட, ராத்திரி எந்த நேரத்தில் வீடு முழுக்க இருண்டுபோகுமோ என்ற பயம்தான் அதிகம் வாட்டியது. கடைசியில் பார்த்தால் கோளாறு சென்சாரிலும் இல்லை, பல்பிலும் இல்லை, நியூட்ரலில், அதாவது மின்னோட்டம் திரும்பிப்போகும் ஒயரில், இருந்தது. வீடியோக்களில் மேசைமேல் ஒரு சென்சார், ஒரு ஹோல்டர், ஒரு பிளக் வைத்து மூன்று ஒயரைக் கொடுத்துக் காட்டிவிடுகிறார்கள். சுவருக்குள் ஓடும் பழைய ஒயரிங்கில் அந்த மூன்று ஒயரை எங்கிருந்து எடுப்பது, எங்கிருந்து எடுக்கவே கூடாது என்பதை யாரும் சொல்வதில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லி, இடையிடையே வேலைக்கு உதவும் விஷயங்களையும் எழுதுகிறேன்.

வீடு திருச்சியில். கீழ்த்தளம், முதல் தளம் இரண்டுக்கும் தனித்தனி ஈபி சர்வீஸ், தனித்தனி டிபி (வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி), ஒவ்வொன்றிலும் ஒரு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு இருந்தால் தானாக இறங்கி கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச். மேலே வாடகைக்கு இருக்கிறார்கள். மாடிப்படி திரும்பும் மேடையான லேண்டிங்கில் புதிதாக ஒரு லைட் பாயிண்ட் எடுத்து, பக்கத்திலேயே சென்சாரை மாட்டினார் எலக்ட்ரீஷியன். பகல் வெளிச்சத்தில் சென்சாருக்குள் இருக்கும் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் மின்னியது. ஆள் நடப்பதைப் பார்க்கிறது, இருட்டினால் தானாக எரியும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இருட்டியதும் படியில் முதல் ஆள் கால் வைத்தார். லைட் ஒரு கணம் பளிச்சென்று எரிந்தது, டிபியில் டக்கென்று ஒரு சத்தம், வீடே இருட்டு. மேல்வீட்டுத் தம்பி செல்போன் வெளிச்சத்தோடு படிக்கட்டில் வந்து நின்று, “அண்ணே, எங்க வீட்லயும் போயிடுச்சு. ஈபியில கட் பண்ணிட்டாங்களா?” என்றார். தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அப்புறம் எல்லாமே மாற்றல்தான். “ஆர்சிசிபி வீக்காயிடுச்சு சார், மாத்திடலாம்” என்றார்கள். புதியது 2,300 ரூபாய், மாட்ட கூலி தனி. அன்றைக்கும் ராத்திரி அதே கதை. அடுத்து சென்சார் பழுது என்று அது மாறியது. அடுத்து பல்பு லீக் ஆகிறது என்று பல்பு மாறியது. கடைசியில், “சென்சாரே வேண்டாம், பழையபடி சுவிட்ச் வெச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டார்கள். ஃபிரிட்ஜ் ராத்திரியில் நின்றுபோய், வயதானவர்கள் இருட்டில் தடவி நடந்து, மேல்வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றபோது வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. ஆனால் விடை முதல் ராத்திரியிலேயே கண்ணெதிரே இருந்தது. பகலில் இறங்காத ஆர்சிசிபி லைட் எரிந்தவுடன் இறங்குகிறது. சில நாள் கீழ்வீட்டு ஆர்சிசிபி, சில நாள் மேல்வீட்டுடையது, சில நாள் இரண்டும் சேர்ந்து. ஒரு லைட்டுக்காக இரண்டு சர்வீஸில் கரண்ட் போகிறது என்றால், அந்த லைட் இரண்டு வீட்டையும் தொட்டுக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஆர்சிசிபி செய்யும் வேலை ஒன்றே ஒன்று. பேஸ், அதாவது கரண்ட் வரும் ஒயர், வழியாக எவ்வளவு மின்னோட்டம் வெளியே போகிறதோ அவ்வளவும் தன் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்று பார்க்கும். கல்லாவிலிருந்து போன காசும் திரும்பி வந்த காசும் ஒத்துப்போகிறதா என்று கணக்குப் பார்ப்பதுபோல. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, வித்தியாசம் 15 வரை இருந்தால் அசையக் கூடாது, 30 ஆனால் கண்டிப்பாக இறங்க வேண்டும். இடையில் எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம். எங்கள் லேண்டிங்கில் பேஸ் கீழ்வீட்டு டூவே சுவிட்ச் (மேலும் கீழும் இரண்டு இடத்திலிருந்து ஒரே லைட்டை இயக்கும் சுவிட்ச்) பெட்டியிலிருந்து வந்தது. நியூட்ரல், பக்கத்தில் கிடைக்கிறதே என்று மேல்வீட்டு வாசல் போர்டிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. கீழே போன மின்னோட்டம் மேலே திரும்புகிறது. இரண்டு ஆர்சிசிபிக்குமே கணக்கு இடிக்கிறது. சென்சார் தனியாக எடுப்பது கொஞ்சம் என்பதால் பகல் முழுக்கச் சத்தமில்லை. 12 வாட் எல்இடி எரிந்தால் அதன் பவர் ஃபேக்டரைப் பொறுத்து 50 முதல் 100 மில்லிஆம்பியர் வரை ஓடும். அதனால்தான் லைட் எரிந்த கணமே இரண்டு வீடும் இருண்டன. ஆர்சிசிபியை எத்தனை தடவை மாற்றினாலும் இதே நடக்கும், ஏனென்றால் அது தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

இது தொல்லை என்பதோடு நிற்கவில்லை, ஆபத்தும்கூட. விஷயம் புரிந்தபோது வயிற்றைக் கலக்கியது இதுதான்: மேல்வீட்டு ஆர்சிசிபி மட்டும் இறங்கி, கீழ்வீட்டில் கரண்ட் இருக்கிறது என்று வையுங்கள். மேல்வீட்டு நியூட்ரல் ஈபியோடு தொடர்பு அறுந்து நிற்கிறது. ஆனால் கீழ்வீட்டுப் பேஸ், சென்சார் வழியாக, லைட் வழியாக, அந்த நியூட்ரல் கம்பிக்கு வந்து சேர்கிறது. மேல்வீட்டுக்காரர் கரண்ட் இல்லையே என்று நம்பி ஒரு பிளக் பாயிண்டைக் கழற்றினால், கருப்பு ஒயரைத் தொட்டாலே ஷாக் அடிக்கும். ஆர்சிசிபி இல்லாமல் வெறும் எம்சிபி (அளவுக்கு மீறி மின்னோட்டம் ஓடினால்தான் இறங்கும் சுவிட்ச்) மட்டும் உள்ள பழைய வீடுகளில் இப்படிக் கடன் வாங்கிய நியூட்ரல் வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். பிற்பாடு ஒரு நாள் ஆர்சிசிபி போடும்போதுதான் வெளியே வரும். ஆகவே ஆர்சிசிபி திரும்பத் திரும்ப இறங்குகிறது என்று அதைக் கழற்றி நேரடியாகக் கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்துப் பார்ப்பது உதவாது. எந்த நியூட்ரலாக இருந்தாலும் பேஸுக்கு எதிரே 230 வோல்ட்தான் காட்டும், ஏனென்றால் எல்லா நியூட்ரலும் ஈபி கம்பத்தில் ஒன்றுதான். டெஸ்டரும் உதவாது. கரண்ட் இல்லாத நிலையில்தான் பார்க்க வேண்டும். இரண்டு வீட்டு மெயினையும் ஆஃப் செய்து, இரண்டு ஆர்சிசிபியையும் இறக்கிவிட வேண்டும். இன்வெர்ட்டர் இருந்தால் அதை முதலில் அணைத்து அதன் அவுட்புட்டையும் பிரித்துவிடுங்கள். மெயினை ஆஃப் செய்தாலும் இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் நிற்கும், வீட்டில் சொந்தமாக வேலை செய்பவர்கள் அதிகம் அடி வாங்குவது இங்கேதான். தொடும் முன் பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் மீட்டரில் அளந்து பூஜ்யம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நீளமான ஒயரின் ஒரு முனையை ஆர்சிசிபிக்குக் கீழே உள்ள நியூட்ரல் லிங்கில் மாட்டி, மறுமுனையை லேண்டிங்வரை கொண்டுவந்து, மீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து அங்கிருக்கும் நியூட்ரலோடு சேர்த்துப் பாருங்கள். பீப் வந்தால் அந்த டிபியின் நியூட்ரல். வராவிட்டால் ஒயரை மற்ற டிபிக்கு மாற்றிப் பாருங்கள். எங்கள் லேண்டிங்கில் கீழ் டிபிக்குச் சத்தமே இல்லை, மேல் டிபிக்கு உடனே பீப் அடித்தது. இதற்குக் காசு செலவில்லை, ஒரு காலை வேளை போதும். ஆர்சிசிபி வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. அதற்கும் முன்னால், பல்பைக் கழற்றிவிட்டு ராத்திரி படியில் நடந்து பாருங்கள். சென்சாருக்குள் லைட்டை இயக்கும் ரிலே டிக் என்கிறது, ஆர்சிசிபி இறங்கவில்லை என்றால், வில்லங்கம் லைட்டின் மின்னோட்டம் திரும்பும் வழியில் இருக்கிறது என்று பெரும்பாலும் முடிவுகட்டிவிடலாம்.

சரிசெய்ய இரண்டு வழி இருந்தது. பேஸையும் மேல்வீட்டு போர்டிலிருந்தே எடுத்துவிட்டால் கணக்கு ஒத்துப்போகும். ஆனால் பொதுப் படிக்கட்டு லைட் வாடகைக்காரர் மீட்டரில் ஓடும். அவர் ஊருக்குப் போய் மெயினை அணைத்தால் படி இருட்டாகும். அதனால் கீழ் டிபியிலிருந்து, அதே ஆர்சிசிபியின் நியூட்ரல் லிங்கிலிருந்து, ஒரு கருப்பு 1 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர் இழுத்தோம். பழைய பைப்பில் புது ஒயர் லேசில் போகாது. ஏற்கெனவே உள்ள ஒரு ஒயரின் முனையில் புது ஒயர் இரண்டைச் சேர்த்து, முடிச்சு பெரிதாகாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக் கட்டி, மேலே இன்சுலேஷன் டேப்பை இறுக்கமாகச் சுற்றி, டால்கம் பவுடர் தடவி, ஒருவர் இழுக்க ஒருவர் மறுபக்கம் ஊட்ட வேண்டும். பழையதற்குப் பதில் ஒன்று, கூடுதலாக ஒன்று. வளைவில் சிக்கினால் முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள். உள்ளே டேப் பிரிந்தால் இரண்டும் போச்சு, சுவரைத்தான் உடைக்க வேண்டும். ஒயருக்கும் கூலிக்கும் ஆனது ஆயிரத்து ஐந்நூறுக்குள். அன்று ராத்திரி எல்லோரும் மாறி மாறிப் படியேறி இறங்கினோம், ஆர்சிசிபி அசையவில்லை.

இனி பொதுவான விஷயம். சென்சாருக்கு மூன்று ஒயர் வேண்டும்: எப்போதும் இருக்கும் பேஸ், நியூட்ரல், லைட்டுக்குப் போகும் அவுட்புட். நம் வீடுகளில் சுவிட்ச் பெட்டியில் பேஸ் இருக்கும், நியூட்ரல் இருக்காது. லைட் பாயிண்டில் நியூட்ரல் இருக்கும், ஆனால் பேஸ் சுவிட்ச் வழியாகத்தான் வரும். ஆகவே எங்கே வைத்தாலும் ஒரு ஒயர் குறையும். பிளக் பாயிண்ட் உள்ள போர்டில் மட்டும் இரண்டும் கிடைக்கும். அதுவும் ஒரே எம்சிபி, ஒரே ஆர்சிசிபி லைன்தானா என்று பார்த்த பிறகுதான் நம்பலாம். ஒயரே இழுக்காமல் முடிக்க ஒரு வழி உண்டு. சென்சாரை லைட் பக்கத்தில் வைத்து, சுவிட்சிலிருந்து வரும் பேஸை சென்சாருக்குக் கொடுத்து, அவுட்புட்டை லைட்டுக்குக் கொடுத்து, நியூட்ரலை இரண்டுக்கும் பொதுவாக்கி, சுவிட்சை எப்போதும் ஆனில் விட்டுவிடுவது. பாத்ரூமுக்கு அப்படித்தான் செய்தோம். பழக்கதோஷத்தில் யாராவது சுவிட்சை அணைத்தால் சென்சார் செத்துக் கிடக்கும், அவ்வளவுதான். ஆனால் மாடிப்படி டூவே சுவிட்சில் இது சரிவராது, எந்த முனையில் தட்டினாலும் போய்விடும். அங்கே பேஸ் வந்து சேரும் முதல் டூவே சுவிட்சின் நடுக் காலிலிருந்து ஒரு ஒயர் எடுத்து சென்சாருக்கு நிரந்தர பேஸ் கொடுங்கள். சென்சாரின் அவுட்புட்டை, இரண்டாவது டூவே சுவிட்சின் நடுக் காலிலிருந்து லைட்டுக்குப் போகும் ஒயரோடு சேருங்கள். சுவிட்சைப் போட்டால் லைட் நிரந்தரமாக எரியும், அணைத்தால் சென்சார் பார்த்துக்கொள்ளும். ஒரே ஒரு எச்சரிக்கை: இரண்டு பேஸும் ஒரே எம்சிபியிலிருந்து வர வேண்டும். த்ரீ பேஸ் வீட்டில் ஒன்று ஆர் பேஸ், மற்றது ஒய் பேஸ் என்று கலந்தால், ரிலே மூடும்போது இரண்டு பேஸும் நேருக்கு நேர் ஷார்ட் ஆகும்.

ஒயர் கலரையும் பார்த்து ஏமாறாதீர்கள். கடையில் கிடைக்கும் சென்சார்களில் பெரும்பாலும் பிரவுன் பேஸ், நீலம் நியூட்ரல், சிவப்பு அவுட்புட். நம் வீட்டு ஒயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ். கருப்புதான் நியூட்ரல், பச்சை எர்த். கலருக்குக் கலர் சேர்த்தால் வீட்டு சிவப்புப் பேஸ் சென்சாரின் அவுட்புட்டில் ஏறும், சென்சார் உயிரே இல்லாமல் கிடக்கும், பழுது என்று கடையில் திருப்பிக் கொடுப்பீர்கள். இதைவிட மோசம் த்ரீ பேஸ் வீட்டில்: பிரவுனுக்கு ஒரு பேஸ் கொடுத்துவிட்டு, நீலத்துக்கு நீலம் என்று பி பேஸைக் கொடுத்தால், சென்சாருக்கு 230க்குப் பதில் 400 வோல்ட்டுக்கு மேல் போய் உள்ளே கருகிவிடும். சென்சாரின் முதுகில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்து மட்டுமே கொடுங்கள். கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் போட்டிருப்பதும் உண்டு. சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போதும் ஹோல்டரில் டெஸ்டர் எரிந்தால் அதுதான் சங்கதி. முதலில் அதைச் சரிசெய்துவிட்டு சென்சாருக்கு வாருங்கள். நியூட்ரலே வேண்டாம் என்று விற்கும் இரண்டு ஒயர் சென்சாரும் இருக்கிறது. தனக்கு வேண்டிய மின்னோட்டத்தை அது லைட் வழியாகவே எடுப்பதால், சின்ன எல்இடி அணைந்த பிறகும் மங்கலாக எரியும், இல்லையென்றால் சிமிட்டும். லைட்டுக்கு இணையாக 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 வகை கெப்பாசிட்டர் ஒன்று கொடுத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். எக்ஸ்2 என்று அச்சடித்திருக்க வேண்டும். சாதாரண கெப்பாசிட்டரை இங்கே போடக் கூடாது. ஒயர் இழுக்க வாய்ப்பு இருக்கும்வரை மூன்று ஒயர் சென்சாரே மேல் என்பது என் முடிவு.

பெட்டியில் 1200 வாட் என்று போட்டிருக்கும். அது குண்டு பல்புக்கு. கீழே சின்ன எழுத்தில் எல்இடிக்கு 300 வாட் என்றோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். எல்இடி டிரைவரின் முகப்பில் இருக்கும் கெப்பாசிட்டர், ஆன் ஆகும் கணத்தில் மிகப் பெரிய மின்னோட்டத்தை இழுக்கும். பத்து டவுன்லைட் ஒன்றாக எரிந்தால் பத்தும் சேர்ந்து இழுக்கும். சென்சாருக்குள் இருக்கும் குட்டி ரிலேயின் காண்டாக்ட் அதில் லேசாக உருகி ஒட்டிக்கொள்ளும். லைட் அணையவே மாட்டேன் என்கிறது, சென்சாரை விரலால் தட்டினால் டிக்கென்று அணைகிறது, அடுத்த முறை மறுபடி ஒட்டிக்கொள்கிறது என்றால் காண்டாக்ட் வெல்ட் ஆகிவிட்டது, இனி அதை நம்ப முடியாது. ஃபால்ஸ் சீலிங்கில் நிறைய லைட் இருந்தால் சென்சாரை ஒரு கான்டாக்டருக்கு (பெரிய ரிலே) கொடுத்து, கான்டாக்டர் வழியாக லைட்டை ஓட்டுங்கள். ஒன்றிரண்டு பல்புக்கு இந்தக் கவலை வேண்டியதில்லை.

எந்த வகை சென்சார் என்பதை இடம்தான் தீர்மானிக்கும். பிஐஆர் என்பது உடம்புச் சூட்டின் நகர்வைப் பார்ப்பது. முன்னால் இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் லென்ஸ் இடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளும். சூடான உருவம் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குக் கடக்கும்போதுதான் உள்ளே சிக்னல் வரும். அதனால் குறுக்கே நடப்பவரைச் சட்டென்று பிடிக்கும், நேராக அதை நோக்கி வருபவரைத் தாமதமாகப் பிடிக்கும். படிக்கட்டில் ஆள் ஏறிவரும் திசைக்கு நேரே மாட்டினால் மூன்று படி இருட்டில் ஏறிய பிறகுதான் எரியும். பக்கச் சுவரில், படிக்குக் குறுக்கே பார்க்கும்படி, சுமார் 2 மீட்டர் உயரத்தில் வைத்தால் முதல் படியிலேயே எரியும். இன்னொன்று, கோடை. சித்திரை, வைகாசியில் மொட்டைமாடிச் சூடு இறங்காத ராத்திரியில் சுவரும் காற்றும் தோலின் வெப்பநிலைக்கு நெருக்கமாக வந்துவிடும். வித்தியாசம் குறைந்தால் பிஐஆருக்குக் கண் மங்கும். 8 மீட்டர் என்று பெட்டியில் போட்ட சென்சார் அப்போது பாதித் தூரத்துக்குக்கூடப் பார்க்காமல் போகலாம். மார்கழியில் அளவு வைத்து, வைகாசியில் எரியவில்லை என்று சென்சாரைக் குறைசொல்லக் கூடாது. எவ்வளவு தூரம்வரை பார்க்க வேண்டும் என்று அளவு வைக்கும் சென்ஸ் திருகை இரண்டு பருவத்திலும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

மைக்ரோவேவ் சென்சாருக்குச் சூடு பிரச்சினையில்லை, 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பி எதிரொலியில் அசைவைக் கண்டுபிடிக்கிறது. ஆனால் அந்த அலை கண்ணாடி, ஒட்டுப்பலகை, பிவிசி கதவு, ஜிப்சம் எல்லாவற்றையும் ஊடுருவும். பாத்ரூமில் போட்டால் வெளியே ஹாலில் நடப்பவருக்கும் எரியும். பிவிசி பைப்பில் தண்ணீர் ஓடினாலே எரிவதும் உண்டு. ஓடும் ஃபேன் கண்ணில் பட்டால் அணையவே அணையாது. பார்க்கிங், மொட்டைமாடியில் படிக்கட்டு முடியும் பெரிய ஹெட்ரூம் மாதிரி இடங்களுக்கு அது நல்லது, வீட்டு பாத்ரூமுக்கு வேண்டாம். பாத்ரூமில் பிஐஆரைக் கதவுக்கு மேலே உட்பக்கமாக, ஷவர் தண்ணீர் படாத இடத்தில், ஐபி44 (தண்ணீர்த் தெறிப்பைத் தாங்கும் தரம்) அல்லது அதற்கு மேல் உள்ளதாக வையுங்கள். அசையாமல் உட்கார்ந்திருந்தால் அதற்கு ஆள் இல்லை என்றுதான் தோன்றும், ஆகவே அசைவு நின்ற பிறகும் லைட் எரியும் நேரமான டைம் 5 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. வயதானவர்கள் இருந்தால் 10 நிமிடம். நிலைக்கதவு பக்கம் ஒரு சின்ன இரவு விளக்கு தனி சுவிட்சில் இருப்பது இன்னும் நல்லது.

போர்டிகோவில் நாய், பூனை, தெருவில் போகும் வண்டி, வெயிலில் சூடேறி ஆடும் செடி எல்லாமே சென்சாருக்கு ஆள்தான். முகத்தைக் கீழே சாய்த்து, கேட்டுக்கு வெளியே பார்க்கும் லென்ஸ் பகுதியை உட்புறமாக இன்சுலேஷன் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். ஏசி அவுட்டோர் யூனிட்டின் அனல் படும் இடத்தில் வைக்காதீர்கள். லென்ஸ்மேல் பல்லி நடந்தாலும் எரியும், சிலந்தி வலை கட்டினாலும் எரியும், மாதம் ஒரு தடவை துணியால் துடைப்பதைத் தவிர வழியில்லை. எறும்பு உள்ளே போய் ரிலேயைக் கெடுக்கும். ஒயர் நுழையும் துளையை சிலிக்கான் வைத்து அடைத்து, அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் துளையை மட்டும் திறந்தே விடுங்கள். லைட்டுக்கும் சென்சாருக்கும் குறைந்தது இரண்டடி இடைவெளி வேண்டும், லைட் வெளிச்சம் நேராக அதன்மேல் விழக் கூடாது. ரொம்பப் பக்கத்தில் இருந்தால், லைட் அணைந்து சூடு மாறுவதையே அசைவு என்று எடுத்துக்கொண்டு மறுபடி எரிய வைக்கும். அணையும், எரியும், அணையும் என்று விடிய விடிய நடக்கும்.

இன்வெர்ட்டர் லைனில் கொடுப்பதாக இருந்தால் அது சைன் வேவ் (ஈபி கரண்ட் போலச் சீரான அலை) வகைதானா என்று பாருங்கள். சாதாரண சென்சார்கள் பல, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஒரு கெப்பாசிட்டர் வழியாகத்தான் தங்கள் மின்சாரத்தை எடுத்துக்கொள்கின்றன. சதுர அலை இன்வெர்ட்டரின் கூர்மையான ஏற்ற இறக்கத்தில் அந்தக் கெப்பாசிட்டர் வழியாக மின்னோட்டம் அதிகமாகப் பாயும், சென்சார் முனகும், சூடாகும், சீக்கிரம் போய்விடும். அதோடு, இன்வெர்ட்டர் பேஸுக்கு அந்த லைனின் நியூட்ரலையே கொடுங்கள். ஈபி லைன் நியூட்ரலோடு கலந்தால் மேலே சொன்ன ஆர்சிசிபி கதை அப்படியே திரும்பும்.

மாட்டி முடித்ததும் எலக்ட்ரீஷியன் கிளம்பும் முன்பே லைட் எரிய வைத்துப் பார்க்க வேண்டும், ராத்திரிவரை காத்திருக்கக் கூடாது. எவ்வளவு இருட்டினால் எரிய வேண்டும் என்று வைக்கும் லக்ஸ் திருகை சூரியன் படம் உள்ள பக்கம் முழுக்கத் திருப்பினால் பகலிலும் எரியும். டைமைக் குறைந்த அளவில், சுமார் 10 விநாடியில் வையுங்கள். கரண்ட் கொடுத்த முதல் அரை நிமிடம், ஒரு நிமிடம் சென்சார் தன்னை நிலைப்படுத்திக்கொள்ளும், அப்போது தானாக எரிந்து அணைவது பழுது இல்லை. ஒவ்வொரு பவர் கட்டுக்குப் பிறகும் அப்படித்தான் செய்யும். அதன் பின் எல்லாத் திசையிலும் நடந்து பாருங்கள். ஆர்சிசிபி இறங்குவதாக இருந்தால் இந்தச் சோதனையிலேயே இறங்கிவிடும், ஆள் பக்கத்தில் இருக்கும்போதே நியூட்ரலைத் தேடச் சொல்லலாம். சரியாக இருந்தால் லக்ஸை நிலவுப் பக்கம் கொண்டுவந்து, மாலை மங்கும் நேரத்தில் எப்போது எரிய வேண்டுமோ அந்த இடத்தில் நிறுத்துங்கள். அந்தத் திருகுகள் மெல்லிய பிளாஸ்டிக், முட்டும் இடத்தைத் தாண்டித் திருப்பினால் உடைந்துவிடும். சின்ன ஸ்க்ரூ டிரைவரை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினால் போதும். வேலைக்கு லைசென்ஸ் உள்ள வயர்மேனையே வைத்துக்கொள்ளுங்கள். கூலி பேசும்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த லைட்டுக்கு நியூட்ரல் எந்த டிபியில இருந்து எடுக்கப் போறீங்க?” பதில் சொல்ல அவர் மீட்டரை எடுத்தால் நல்ல ஆள். பக்கத்து போர்டில் இருக்கே என்றால் வேறு ஆளைப் பாருங்கள். எங்கள் டிபி கதவின் உட்புறத்தில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: லேண்டிங் சென்சார், பேஸ் கீழ் டிபி 6 ஆம்பியர் எம்சிபி, நியூட்ரல் கீழ் டிபி லிங்க், மேல் போர்டிலிருந்து வந்த பழைய கருப்பு ஒயர் இரண்டு முனையிலும் துண்டிக்கப்பட்டது.